இடப்பக்கம் இழுக்கிற பிளசர்

…கோளாறு பிரேக்குலயும் இல்ல, டயர்லயும் இல்ல மாப்ள, எல்லாம் அந்த மெக்கானிக்கு மலையாண்டி பாத்த வேலை! ஸ்டேரிங்க நேரா புடிச்சா வண்டி எடப்பக்கம் முந்திரித் தோப்புக்குள்ள போவுது. வலப்பக்கம் ஒடிச்சுப் புடிச்சாத்தான் ரோட்டுல நிக்குது. கந்தர்வக்கோட்டையிலேர்ந்து மல்லுக்கட்டித்தான ஓட்டியாந்தேன், பாத்தீங்கள்ல?

எறங்குங்க, எறங்குங்க. மாலை கசங்காம… ஆங். மணி என்ன? ஒம்பதே முக்காலா! ஆவூர் கோயிலுக்கு இன்னும் ரெண்டு மைலு. பத்து மணிக்குக் கல்யாணப் பூசை. நாளைக்கு விபூதிப் புதன், தவசு காலம் பொறந்துட்டா ஈஸ்டர் முடியிற மட்டும் தாலி கட்ட முடியாதுன்னு சாமியாரு கண்டிசனாச் சொல்லிப்புட்டாரு. ஒங்கப்பா கூட்டுவண்டியே போதும்னாரு. நாந்தான், எம் மக வியாகுலமேரியக் கட்டிக்கப் போற மாப்ள எம் பிளசர் கார்லதான் வந்து எறங்கணும்னு ஒத்தக் கால்ல நின்டேன்!

அந்தப் பட்டுத் துண்டக் குடுங்க. அளக்கத்தான், அழுக்காவாது! சக்கரத்துல சாக்பீசால கோடு போட்டிருக்கேன்ல, முனைய அங்க புடிங்க. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பின்பக்கத்த விட முன்பக்கம் ஒரு நூலு கொறச்சலா இருக்கணும், அம்புட்டுத்தான் கணக்கு. இங்க பாருங்க… ரெண்டு வெரக்கடை கூட இருக்கு! கோவிச்சுக்கிட்ட சம்பந்திக மாதிரி ஆளுக்கொரு பக்கமாத் திரும்பி நிக்கிதுக! அவனெல்லாம் ஒரு மெக்கானிக்கு!

நீங்க அங்கிட்டு நெழல்ல நில்லுங்க, நான் அடியில போயிப் பாக்குறேன். ஒரு நிமிசம்…

அட! ரெண்டு முன்சக்கரத்தையும் சேக்குற குறுக்கு ராடு வில்லா வளைஞ்சுல்ல கெடக்கு!

மாப்ள… ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. போன மாசம் எங்கூரு செபஸ்தியார் திருநா. கம்மாத் தண்ணி கசிஞ்ச எடத்துல சப்பரம் எறங்கிப்போச்சு. நாப்பது ஆளு இழுத்தும் அசையல. விடுவனா? பிளசரக் கொண்டாந்தேன். பின்னால கட்டி இழுன்னாங்க. அதெப்புடி மாப்ள, செபஸ்தியாருக்கு வண்டியோட முதுகக் காட்டுறது? மனசு வருமா? முன்பக்கம் கைக்கு வாட்டமா இந்த ராடுதான் இருந்துச்சு. இதுலயே வடத்தக் கட்டி, அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே ரிவர்சுல இழுத்தேன் பாருங்க… சும்மா ஜம்முனு ஏறிருச்சு! பேண்டென்ன, வேட்டென்ன, என்னியத் தோள்ல தூக்கிட்டானுக! வியாகுலமேரி கூட்டத்துக்குள்ள நின்டு “எங்கப்பா! எங்கப்பா!”ன்னு கத்துனா. அழுதுட்டேன் மாப்ள. அதுக்காக நூறு ராடு வளைஞ்சாலும் தகும்!

மறுநாளே வண்டி கோணுச்சு. மலையாண்டிகிட்ட வடத்தப் பத்தி மூச்சே விடலியே… சொல்லியிருந்தா அவன் ராட மாத்தியிருப்பான். பாவம், அவனப் போயி வழியெல்லாம் திட்டிட்டு வந்தேன்!

இந்தா, வெளிய வந்துட்டேன் மாப்ள, எங்க நிக்கிறீங்க? கோவமா? மாப்ள?

…ஐயய்யோ! அது யாரு சைக்கிளு? பின்னால குந்திப் போறது நம்ம மாப்ளயா! போங்க, போங்க, நல்லா மிதிக்கச் சொல்லுங்க! அப்புடித்தான்! தாலிய நேரத்துக்குக் கட்டிப்புடுங்க!

அடேய்… நில்லுங்க! பொண்ணப் பெத்தவன் நான் இங்கல்ல நிக்கிறேன்! மாப்ளோய்! நான் முன்னால பார்லயே குந்திக்கிறேன்… மாப்ளோய்!