பேருந்தை விட்டுவிட்ட அறிக்கை

பேருந்தில் எனக்கு ஜன்னலோரம்தான் பிடிக்கும். அன்று அதை என் கணவர் மாரியப்பனுக்கு விட்டுக்கொடுத்தேன். டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் வாழப்பாடியிலிருந்து சேலத்துக்கு அலைந்த மனிதர். அயோத்தியாப்பட்டணம் வருமுன், "இன்னும் எவ்வளவு தூரம் கண்ணு?" என்றார். நான் சொன்ன பதிலைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

வாழப்பாடியிலேயே டயாலிசிஸ் மையம் வந்திருக்க வேண்டும். சந்திரசேகர் சாரின் அறிக்கை அதை நிறுத்தியது. பல ஆய்வுகளைத் தொகுத்து, எந்தச் சிகிச்சைக்கு என்ன செலவு, என்ன பலன் என்று அரசுக்குச் சொல்வது அவர் வேலை. மருத்துவமனையின் செலவை மட்டும் எடுத்தார். நோயாளியின் பேருந்தையும் அந்த நாளில் இழந்த கூலியையும் விட்டுவிட்டார். சிற்றூர் மையம் வீண் என்று வந்தது.

நான் புள்ளியியல் படித்தவள். அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான்கு வருடம் பதறாமல் அவரை வெறுத்தேன்.

சென்ற ஆண்டு, ஜலகண்டாபுரத்தில் சோதனையாக நடந்த மையத்தைத் தொடரலாமா என்று அரசு கேட்டது. அங்கே போன முப்பத்திரண்டு பேரில் சாருடைய அக்கா உஷாராணியும் ஒருவர். "எங்கக்கா போற எடமுங்க. நான் கை வெக்கக்கூடாது. நீங்களே பாருங்க" என்று என்னிடம் விட்டார். நேர்மையான மனிதர்தான்.

புதிய ஆய்வுகள் பலவற்றில் பயணச் செலவும் இருந்தது. அவற்றைப் பழையவற்றோடு கலக்காமல் தனியே காட்டியிருந்தால் மையம் பிழைத்திருக்கும். நான் எல்லாவற்றிலிருந்தும் பயணத்தை உருவிவிட்டேன். ஒவ்வோர் ஆய்வையும் இருவர் தனித்தனியே படித்துக் குறிக்க வேண்டும். என்னோடு படிக்க வேண்டிய கதிர் விடுப்பில் இருந்ததால் அவர் தாளையும் நானே நிரப்பினேன். இருவர் படித்தால் எங்காவது முரண்படும் அல்லவா, அதற்காக இரண்டு இடத்தில் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன்.

சார் முடிவை இரண்டு முறை படித்தார்.

"நம்ம பழைய முறைதானுங்களா?"

"ஆமாங்க சார். வாழப்பாடிக்கு நீங்க செஞ்ச அதே முறை."

அதைத் தப்பென்றால் வாழப்பாடியும் தப்பாகிவிடும். கையெழுத்துப் போட்டார்.

மையத்தை மூடினார்கள். உஷாராணியம்மா ஐந்தாவது வாரம் சேலம் பேருந்திலேயே இறந்துபோனார். சார் அழுததை நின்று பார்த்தேன். மனம் குளிர்ந்தது.

விசாரிக்க வந்த நீங்கள் மற்ற முப்பத்தொரு பேரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர்களில் ஒன்பது பேர் இப்போது உயிரோடு இல்லை என்கிறீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது ஐயா. அவர்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.