ரெண்டு கிராம் உப்பு

— நாப்பது பேருல இருவத்தொம்போது பேரு என் கஞ்சிதான் நல்லாருக்குதுன்னு சொல்லிக்கிறாங்க. அப்புறம் இன்னாமா கலையரசி, மூஞ்ச ஏன் இப்பிடி வச்சிக்கினு இருக்கிற?

— உக்காருங்க பெரியநாயகிக்கா. கதவ சாத்திடறேன்.

— அடுப்புல பால் இருக்குதுமா, சீக்கிரம் சொல்லு. தன் கஞ்சி தோத்துச்சுன்னு மணிவண்ணன் ஏதாவது சண்ட போட்டானா? பேரு எழுதாத கப்புலதான ஊத்திக் குடுத்தோம். எது யாரு கஞ்சின்னு குடிச்சவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அவரு ஒண்ணும் சொல்லல. டெஸ்ட்டும் சரியாத்தான் நடந்துச்சு. ரெண்டு கஞ்சியும் ஒரே ருசின்னு வச்சிக்கங்க, ஆளுங்க ஏறக்குறைய பாதிப் பாதியாத்தான் பிரிவாங்க. இந்த அளவுக்கு ஒரு பக்கமா சாயறது, ஆயிரம் தடவ வச்சுப் பாத்தா ஆறேழு தடவதான் தானா நடக்கும். அதனால இது குருட்டு அதிர்ஷ்டம் இல்ல. அவங்களுக்கு உங்களுதுதான் புடிச்சிருக்குது.

— த பாரு, அதத்தான நானும் சொல்றேன். கிட்னி வார்டு சமையல் இனிமே பெரியநாயகிக்குன்னு மேனேஜருக்கு எழுதிக் குடு.

— இன்னொரு டெஸ்ட்டும் பண்ணேன்கா. இருவது நாளா ரெண்டு பேரு சட்டியிலயும் மீட்டர் வச்சு உப்பு பாத்தேன்ல?

— பாத்த. லிட்டருக்கு ரெண்டு கிராம் இருக்கணும்னு சொல்லிக்கினே இருந்த. இல்லியா?

— சராசரி பாத்தா ரெண்டு பேருக்கும் சரியா ரெண்டுதான்.

— அப்புறம் இன்னா?

— நீங்க மாகறல்லேர்ந்து பஸ்ல வர்றீங்க. ஒரு பஸ்ஸு தினமும் எட்டு மணிக்கு வருது. இன்னொண்ணு ஒரு நாளு ஏழுக்கு, ஒரு நாளு ஒம்போதுக்கு. கூட்டி வகுத்தா ரெண்டுமே எட்டு மணி பஸ்ஸு. நீங்க எத நம்பி கெளம்புவீங்க?

— எட்டுக்கே வர்றதத்தான்.

— மணிவண்ணன் அண்ணன் கஞ்சி அப்படி. ஒண்ணே முக்கால்லேர்ந்து ரெண்டேகால், அதுக்குள்ளயே நிக்குது. உங்களுது ஒரு நாளு அர கிராம், ஒரு நாளு மூணர. இந்த ஆட்டம் தற்செயலா வரக்கூடியதான்னும் கணக்குப் போட்டேன். வராதுக்கா.

— மூணரயா? இருவத்தாறு வருஷமா கையாலதாம்மா போடறேன். உன் மீட்டரு கெட்டுப் போயிருக்கும்.

— கெட்டிருந்தா அவரு அளவும் ஆடணுமே? ருசி பாத்த அன்னிக்கு உங்க சட்டில மூணு கிராம். குடிச்சவங்க எல்லாம் நோவு இல்லாதவங்க. உப்பு தூக்கலா இருந்துச்சு, நாக்குக்குப் புடிச்சிருந்துச்சு. அவ்ளோதான்.

— அப்ப நான் ஜெயிக்கல.

— தினமும் உப்பு அளவு எழுதி வச்ச பழைய நோட்டயும் எடுத்துப் பாத்தேன். மாசா மாசம் சராசரிய மட்டும் பாத்து கையெழுத்துப் போட்டுட்டாங்க, அதான் யாருக்கும் தெரியல. ஜனவரி, பிப்ரவரில உங்க அளவும் அசையாம நிக்குது. மார்ச்லேர்ந்துதான் ஆடுது. மார்ச்ல என்னாச்சுக்கா?

— பால் பொங்கிடும். நான் போறேன்.

— அணைச்சுட்டுதான் உங்களக் கூப்புட்டேன். எட்டாம் பெட்டுக்காரருக்கு முந்தாநேத்து மூச்சு வாங்கிச்சு. அவருக்குப் போனது உங்க மூணர கிராம் உப்புக் கஞ்சி. அதாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதால இல்லன்னும் சொல்ல முடியாது.

— ஐயோ. இப்ப எப்பிடி இருக்காரு?

— பொழச்சிக்கினாரு. எழுந்து உக்காந்துட்டாரு. நீங்க சொல்லுங்க.

— ஜொரம் வந்துச்சுமா, நாலே நாளு. அதுக்கப்புறம் நாக்கு செத்துப் போச்சு. மொளகா கடிச்சா எரியும். உப்பு, புளிப்பு ஒண்ணும் தெரியல.

— யாருகிட்டயும் சொல்லலியா?

— நாக்கு இல்லாதவள எவன் சமையலுக்கு வச்சிக்குவான்? அது மட்டும் இல்லமா. நாக்கு போனா இன்னா, கைக்குத் தெரியும்னு நெனச்சேன். சாமி சத்தியமா நம்பினேன்.

— இத்தினி வருஷமா கை போட்டுச்சு, நாக்கு அத அப்பப்போ திருத்திக்கினு இருந்துச்சு. இப்ப திருத்த ஆளு இல்ல. இனிமே ஸ்பூன் வச்சு அளந்து போடுங்கக்கா. நாக்க டாக்டர்கிட்ட காட்டலாம். ரிப்போர்ட் நான் எழுதித்தான் ஆவணும். ஆனா உங்கள வேலைய விட்டு எடுக்க வேணாம்னும் சேத்து எழுதறேன்.

— எழுது. உள்ளத எழுது. ஆமா, மே மாசமும் அந்த மாதிரி ஆடுதா?

— மே மாசத்துலதான்கா ரொம்ப. ஏன் கேக்கறீங்க?

— வீட்லயும் இதே கைதானமா.

— அக்கா...

— எங்க வீட்டுக்காரருக்கும் கிட்னிதான். ஜூன்ல போயி சேந்தாரே, அதாலதான். கால் வீங்கிக்கினே இருந்துச்சு. டாக்டரு என்னக் கேட்டாரு, உப்ப கொறைக்கச் சொன்னேனேமான்னு. கொறைச்சுதான் போடறேன்னு நான் அடிச்சு சொன்னேன். இவரு தட்ட தள்ளி வச்சுட்டு, ‘உப்பு கரிக்குதுடி பெரியநாயகி’ன்னுவாரு. மறுநாளு அதே கஞ்சிய சப்புன்னு இருக்குதுன்னுவாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— திருட்டுத்தனமா ஊறுகா துன்னுட்டு என் மேல பழி போடறியான்னு கேட்டேன். தொடவே இல்லன்னு பொண்ணு தலையில கைய வச்சு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. சாவறதுக்கு முன்னாடி பத்து நாளா அந்த மனுஷன்கிட்ட நான் ஒரு வார்த்த பேசல கலையரசி.