நான் நீக்கிய ஒரு வரி

ஐயா, நான் கல்லூரியில் நிரல் எழுதக் கற்பிப்பவனே தவிர, இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவன் அல்லன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளத் துணிந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் இணையக் குழுவில் நிரல் போட்டி நட்புக்காகத்தான் நடக்கிறது. பரிசு கிடையாது, பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவே. ஆறு ஆண்டுகளாக முதல் பெயர் என்னுடையது. இந்த முறை இறுதிச் சுற்றில் என் எதிரே நின்றவரைக் குழுவில் ‘மின்மினி’ என்பார்கள். தீயணைப்பு நிலையத்தில் அவசர அழைப்புகளை எடுப்பவர். கெட்டிக்காரர், அதை நான் என்றும் மறுத்ததில்லை.

இறுதிச் சுற்றில் ஒருவருக்கொருவர் கேள்வி தர வேண்டும். விடைக்கு ஒரு மணி நேரம். எப்போது அனுப்புவது என்பது கேள்வி தருபவரின் உரிமை.

“சார், ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் மட்டும் வேண்டாம். கூட இருக்கறவர் சாப்பிடப் போயிடுவார், நான் ஒத்தை ஆளு” என்று அவர் கேட்டுக்கொண்டார்.

நான் ஒன்று ஐந்துக்கு அனுப்பினேன். விதியில் அதற்குத் தடை இல்லை.

கேள்வியிலிருந்து ஒரு வரியையும் நீக்கியிருந்தேன். அந்த வரி இல்லாமல் அதற்கு விடை கிடையாது. விடை இல்லை என்று கண்டுபிடிப்பதும் திறமைதான் என்பது என் கருத்து. இன்றும் அதிலிருந்து நான் மாறவில்லை.

இருபது நிமிடம் கழித்து எழுதினார்: “சார், கேள்வியில ஏதோ விட்டுப்போயிருக்கா?”

“மின்மினிக்கே வெளிச்சம் பத்தலையா தம்பி?” என்று பதில் எழுதினேன்.

சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பினார். பிறகு, “ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது.”

“தாராளமா எடுங்க. தோத்துட்டேன்னு மட்டும் எழுதிட்டுப் போங்க.”

அவர் எடுக்கவில்லை. மூன்று முறை அடித்ததாக விசாரணையில் தாங்கள்தான் சொன்னீர்கள். அடிப்பது எந்தப் போன் என்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியும். அவர் எடுக்க மாட்டார் என்பதும் தெரியும். தெரியாமலா அப்படி எழுதுவேன்? கையைப் பிடித்து நான் தடுக்கவில்லையே, ஐயா.

இழப்புகளை எழுதித் தரச் சொன்னீர்கள். வண்டி கிளம்பத் தாமதமான பதினொரு நிமிடம். தீப்பிடித்த தையல் கடையின் மாடியில் இருந்த ஒரு தாய். அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகள். மின்மினியின் வேலை. எனக்கு இரண்டு புள்ளி. கேள்வி செல்லாதென்று குழு அவற்றைக் கழித்ததை நான் ஏற்கவில்லை.