ஜெனிற்றா விட்டுப்போன பைதன்

“ஒரு லப்டொப்புக்கு மூண்டு பைதன் என்னத்துக்கு?”

நானாட்டான் பஸ்ஸில் என் முன் சீற்றில் இருந்த பெண் கணவனிடம் இப்படிக் கேட்டதும், என் காது தானாக அங்கே போய்விட்டது. பைதன் என்பது கம்ப்யூட்டர் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள் என்பது பேச்சிலேயே விளங்கியது.

“ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பதிப்பு வேணும், மெலனி. பழையது மாதா கோயில் வேலைக்கு.”

“கோயில் வேலைக்கோ, ஜெனிற்றாவுக்கோ? அவள் எழுதின புரோகிராம் கிடக்கிற ஃபோல்டருக்குள்ள போனவுடன லப்டொப்பே அவளின்ர பதிப்புக்கு மாறுது. நான் பாக்கேல்லை எண்டு நினைச்சியளோ?”

“அப்பிடி மாறத்தான் செட் பண்ணி வைச்சது. கோயிலுக்கு அந்தப் புரோகிராமை எழுதித் தந்ததோட சரி, அவள் கலியாணம் முடிச்சுக் கனடாவுக்கும் போயிட்டாளப்பா!”

“போனவளின்ர சாமான் எங்கட வீட்டில என்னத்துக்கு? அந்தப் பழைய பைதனைக் காலமை அழிச்சுப்போட்டன். நானும் பள்ளிக்கூடத்தில கம்ப்யூட்டர் படிச்சனான்தானே.”

அவன் அவசரமாக லப்டொப்பைத் திறந்து தட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“நவநாள் பூசையில வாசிக்கிற, காணிக்கை குடுத்த ஆக்களின்ர பேர்ப்பட்டியல் அந்தப் புரோகிராமிலதான் எடுக்கிறது. பின்னேரம் ஃபாதருக்குக் குடுக்கவேணும். அது புதுப் பைதனில ஓடாது.”

“ஓடுறமாதிரி மாத்துங்கோ.”

“அதுக்கு எழுதினவளைத்தான் கேக்கவேணும்,” என்று அவன் போனை எடுத்தான்.

மெலனி அதைப் பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். பிறகு தன் போனை வெளியே எடுத்தாள்.

“அந்தப் பழையதைத் திரும்பப் போட எவ்வளவு டேட்டா போகும்?”

“கொஞ்சம்தான்.”

“என்ர போன் டேட்டாவில எடுங்கோ. உங்கட போன் வீட்ட போனாப்பிறகு தாறன்.”