மிசாவோவின் விருந்துத் தாள்கள்

உங்கள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருப்பது இயந்திரத்தில் செய்த தாள், ஐயா. ஈரம் பட்டதும் சுருங்கிவிட்டது பாருங்கள். நாங்கள் செய்வது அப்படிச் சுருங்காது. விடுதிகளில் விருந்தாளியின் முன்னால் விரித்து, அதன்மேல் சோற்றுக் கிண்ணத்தையும் மீன் தட்டையும் வைப்பார்கள். மரப்பட்டையை ஊறவைத்து, அடித்துக் கூழாக்கி, சல்லடையில் வடித்தெடுக்கிற வேலை. பனிக்காலத்துத் தண்ணீரில்தான் நல்ல தாள் வரும். கை மரத்துப் போகும். அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி ஓய்ந்தால் மற்றவள் தொட்டியில் கை வைக்கலாம்.

நானும் மிசாவோவும் இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்தோம். அவள் என் கணவரின் தங்கை. அவர் இறந்த வருடமே அவளும் புருஷனை விட்டு வந்துவிட்டாள். மலையில் எங்கள் வீட்டுக்கு மேலே வேறு வீடு இல்லை. பனி கொட்ட ஆரம்பித்தால் மூன்று மாதம் அவள் குரல் ஒன்றுதான் என் காதில் விழும். ஓயாமல் பேசுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

குராமோச்சி கீழே வெந்நீர் ஊற்று விடுதியில் சமையல்காரர். தாள் வாங்க வருவார். பிறகு தாள் தேவைப்படாதபோதும் வந்தார். இலையுதிர் காலத்தில் ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "உங்க தாள்ல வச்சா மீனுக்கே கல்யாணக்களை வந்துடுதுங்க" என்றார். மிசாவோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் இருவருக்கும் பிப்ரவரியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. விருந்துக்கு முப்பது தாள், உள்ளே பிளம் பூவிதழ் பதித்து, நானே செய்து தர வேண்டும் என்று கேட்டாள்.

"நீ போயிட்டா நான் யாரோட சாப்பிடறது?" ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"ஒரு பூனை வளருங்க அண்ணி. அதுவும் என்னை மாதிரியே ஓயாம கத்தும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது தாளையும் முடித்தேன். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. கடைசித் தாள் காய்ந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மிசாவோ உலர்த்தும் அறையில் கரியடுப்புக்குப் பக்கத்தில் படுத்தாள். வீட்டிலேயே அங்கேதான் கதகதப்பு. இடுக்கு வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று காலையில் புலம்பியிருந்தாள். பனிக்காலத்தில் சன்னல் இடுக்குகளில் தாள் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். விருந்துத் தாள்களின் ஓரத்தில் வெட்டிய துண்டுகள் கிடந்தன. பசை காய்ச்சி ஒட்டினேன். கரியடுப்பு எரிகிற அறையில் மட்டும், கரியின் நச்சுக்காற்று வெளியே போக ஓர் இடுக்கை விட்டுவைப்போம். அதையும் ஒட்டினேன்.

உள்ளேயிருந்துதானே ஒட்டுவார்கள் என்று கேட்டீர்கள். உண்மைதான். நான் வெளியே பனியில் நின்று ஒட்டினேன். அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாதல்லவா. கதவுக்கும் ஒரு முட்டுக்கட்டை கொடுத்தேன்.

பிறகு அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு லேசாக அசைந்தது. நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. "அண்ணி" என்றாள்.

அவளைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்பில்லாமல் செய்ததாக எழுதிவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதே இல்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன், ஐயா. அவள்தான் கூப்பிடவில்லை.