இடைவெளிகள் சரிசெய்யப்பட்டன

வெயில் அடிக்கும் நாளில் வெள்ளச் சங்கு ஏன் ஊதுகிறது என்று எனக்குப் பல மாதம் புரியவில்லை, ஐயா.

கல்வராயன் மலையில் ஓர் ஓடைப் பாலத்தின் அடியில், மேலிருந்து கீழே தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி இருக்கிறது. மட்டம் மூன்றடி உயர்ந்தால் ஊரில் சங்கு ஊதும். அதற்கான கணினி நிரலை ஆறு வருடமாக எழுதுகிறேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம்.

"இன்னா தங்கதுரை, வெயில்லயே வெள்ளம் வருதா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். "இன்னொரு வாட்டி சும்மா ஊதுச்சின்னா புடுங்கிப் போட்டுடுவோம்" என்றார் ஊராட்சித் தலைவர். அந்த நிரலைத் தவிர எனக்கென்று எதுவும் இல்லை.

திருத்துவதற்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். ஏன் என்று தலைப்பில் எழுத வேண்டும். இன்னொருவர் படித்துச் சரி சொன்ன பிறகே சேர்க்க வேண்டும். முக்கியமாக, பார்வைக்காக மட்டும் வரிகளின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் வேலையோடு உண்மையான மாற்றத்தைக் கலக்கக் கூடாது. படிப்பவர் கண் சோர்ந்துவிடும். இந்த விதிகளை எழுதியவனே நான்தான்.

நானூறு வரிகளில் இடைவெளி திருத்தினேன். நடுவில் ஒரு வரி: மட்டம் அரை மணி நேரம் உயர்ந்தே இருந்தால்தான் ஊது. கருவி காட்டிய பொய் மட்டம் எதுவும் அவ்வளவு நேரம் நீடித்ததில்லை. 'இடைவெளிகள் சரிசெய்யப்பட்டன' என்று தலைப்பிட்டேன். என்னோடு நிரல் குழுவில் இருக்கும் செவ்வந்தி தலைப்பை நம்பிச் சரி என்றாள். கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். மலைவெள்ளம் அரை மணி காத்திருக்காது என்று மலையில் பிறந்த அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பதினேழு நாள் சங்கு பொய் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் மேலே மழை. பழனியும் அவர் மனைவி தைலம்மாளும் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு பாலத்துக்கு வெகு கீழே ஓடையில் இறங்கினார்கள். சங்கு ஊதியபோது ஓடையில் அவர்கள் இல்லை.

செவ்வந்தி போனில் அழுதாள். "இடைவெளிதானேன்னு பாத்துட்டேண்ணா. ரெண்டு உசுரு போச்சே." தைரியமாக இரு என்றேன்.

அன்று மாலை இன்னொன்றும் செய்தேன். திருத்தியவர் பெயர் என்பது நிரலின் திருத்தப் பதிவில் நாம் தட்டச்சு செய்வதுதான், பூட்டு கிடையாது. பலருக்கு இது தெரியாது. என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். அதை வைத்துத்தான் நீங்கள் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனீர்கள். நான்கு நாளாக அவள் சாப்பிடவில்லையாம். என் பெயர் உள்ள பழைய பிரதி இந்தப் பென்டிரைவில் இருக்கிறது.

நான் திருத்துவதற்கு முந்தைய வாரமே அவள் காரணத்தைச் சொல்லிவிட்டாள். "மாடுங்க தண்ணி குடிச்சிக்கினு கருவிக்கு நேர் கீழ நிக்குதுண்ணா. அதுங்க முதுகத்தான் தண்ணின்னு காட்டுது." நிரலில் தீர வேண்டியதை மாட்டின் மேல் போடுகிறாள் என்று நினைத்தேன்.

கருவியை நான்கடி தள்ளி, மாடு நிற்க முடியாத பாறைக்கு மேலே மாட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நேற்று மாட்டினேன். இரண்டு போல்ட்டுதான், ஐயா.