பிஸ்கட் டப்பா மாத்திரை

அப்படிக் கட்டக்கூடாதும்மா டார்லீன். அந்த மஞ்சள் அங்கிக்கு முடிச்சு பின்னாடி வரணும். கையுறைய இன்னும் மேல இழுத்து விடுங்க, மணிக்கட்டு தெரியுது பாருங்க. நர்ஸ் யோலாண்டா பார்த்தா மறுபடி முதல்லேர்ந்து கை கழுவச் சொல்லுவா. இப்ப உள்ள போக முடியாது, ஆர்விட்டைப் புரட்டிப் படுக்க வைக்கறாங்க. கதவு திறக்கற வரைக்கும் இப்படி உக்காருங்க. நான் கொஞ்சம் சாஞ்சுக்கறேன், இடது பக்கம் இழுக்குது. இல்ல, ஒண்ணுமில்ல, பழைய வலி.

அது என்ன பாத்திரம்? உருளைக்கிழங்கும் சீஸுமா? சரிதான். வாயில குழாயை விட்டு மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டுக்கிட்டிருக்கு, நீங்க உருளைக்கிழங்கு கொண்டாந்திருக்கீங்க. அப்படி ஓரமா வைங்க.

ஆமா, நான்தான் வெர்னா, ஆர்விட்டோட அக்கா. விஸ்கான்சின்லேர்ந்து நேத்துதான் வந்தேன். அங்க ஜன்னல் வரைக்கும் பனி கிடக்கு. நீங்க எல்லாரும் குளிருக்குப் பயந்து டெக்சாஸ்ல வந்து வண்டி வீட்டை நிறுத்திக்கிட்டு, அரைக்கால் சட்டையோட சீட்டாடறீங்க. ஆடுங்க, யாரு வேணாங்கறா. எனக்கு அந்த பிஸ்கட் டப்பா கதைதான் தாங்கலை.

தெரியாத மாதிரி பார்க்காதீங்கம்மா. நேத்து சாயங்காலம் நீங்க வண்டி நிறுத்தியிருக்கற அந்த பார்க்குக்குப் போனேனே, இவன் துணிமணி எடுக்க. சீட்டுக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா. பிஸ்கட்தான்னு நினைச்சுத் திறந்தேன். உள்ள பூரா மாத்திரை, கிருமியைக் கொல்ற ஆன்டிபயாடிக். பாதி அட்டை, கால் அட்டை, பேரு தேய்ஞ்சு போனது, எல்லாம் ஆத்துப் பாலம் தாண்டி மெக்சிகோல வாங்கினது. தும்மல் வந்தா ரெண்டு, வயிறு கடமுடன்னா ரெண்டு. தேவலைன்னதும் மிச்சத்தை டப்பால போட்டுடணும், அடுத்தவங்களுக்கு ஆகுமாம். கூட்டாஞ்சோறு மாதிரி கூட்டா மருந்து திங்கறீங்க. படிச்சவங்கதானே எல்லாரும்? நீங்க வேற முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தினவங்களாமே.

என்ன சொன்னீங்க? நீங்க குடுத்தது ரெண்டே ரெண்டுதானா? அதைத்தாம்மா ஒவ்வொருத்தரும் சொல்றீங்க. ஆளுக்கு ரெண்டு, அவன் எல்லார்கிட்டயும் வாங்கித் தின்னிருக்கான். அவனும் லேசுப்பட்டவன் இல்ல. மாத்து கிட்னி வச்சவன், தலைவலி மாத்திரைகூட டாக்டரைக் கேட்டுட்டுத்தான் தொடணும்னு படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பினாங்க. டாக்டர்கிட்ட போனா திட்டுவாங்க, டப்பா திட்டாதில்ல.

நான் மாடு வச்சுப் பொழைச்சவ. மாட்டுக்கு மடி வீங்கி ஊசி போட்டா கால்ல சிவப்புப் பட்டை கட்டுவோம். அந்தப் பாலைத் தனியாக் கறந்து சாக்கடைல ஊத்துவோம். மருந்து நின்ன பிறகும் இத்தனை நாள்னு இருக்கு, அதுவரைக்கும் வெளிய போகாது. ஒரு தடவை ஆர்விட் பட்டையைப் பார்க்காம கறந்து கலந்துட்டான், டேங்கர் லாரியோட மொத்தப் பாலையும் கொட்டச் சொல்லிட்டாங்க. மாட்டு மருந்துக்கே அத்தனை ஒழுங்கு இருக்கு. உங்களுக்கு ஒரு டப்பா.

கிருமியா? நம்ம குடல்ல சும்மா கிடக்கறதுதானாம், மூத்திரத்துல ஏறி இப்ப ரத்தத்துல சுத்துது. டாக்டர் ட்ரெவீனோ பொறுமையாத்தான் சொன்னாரு. அதுக்கு வெளியில ஒரு தோல் அதிகமாம், பாதி மருந்து உள்ளயே நுழையாதாம். நுழையற மருந்தையும் நீங்க ரெண்டு ரெண்டாக் குடுத்துப் பழக்கி வச்சிருக்கீங்க. நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துது, முரடனுங்க மட்டும் தங்கி குடும்பம் நடத்துதுங்க. புதுசா வந்த மருந்தெல்லாம் போட்டுப் பார்த்துட்டாங்க, ஒண்ணுக்கும் அசையலை.

பழைய மருந்து ஒண்ணு மிச்சமிருக்கு. கிட்னியைக் கெடுக்குதுன்னு ஒரு காலத்துல ஒதுக்கி வச்சதாம். குடுத்தா ஆளு பிழைச்சாலும் பிழைப்பான், அந்த கிட்னி போயிடும்னாரு. குடுக்கலைன்னா ஆளே போயிடுவான். அவனுக்கு நினைவு இல்ல, என்னைத்தான் முடிவு சொல்லச் சொன்னாரு. என்ன சொன்னேனா? இருங்க, சொல்றேன்.

முதல்ல நீங்க ஏன் அழறீங்கன்னு சொல்லுங்க. ஆர்விட்டுக்காகவா? இல்லையா? பின்ன யாருக்கு? எந்தப் பையன்? கிட்னி குடுத்த பையனா?

ஓ. மோட்டார் சைக்கிள்ல போய் விழுந்து செத்தவன். இருபது வயசு. அப்படியா சொல்லி வச்சிருக்கான்? வருஷா வருஷம் அந்த நாள்ல நீங்க எல்லாரும் சேர்ந்து மெழுகுவத்தி ஏத்தறீங்களா? கேக்கும் உண்டா? ஆர்விட் எழுந்து நின்னு, அந்தச் சிங்கக்குட்டியோட பலம் என் உடம்புல ஓடுதுன்னு பேசுவானா? நல்லா இருக்கு. கிட்னியைக்கூடக் காப்பாத்தத் தெரியலை, கதையை மட்டும் நல்லாக் காப்பாத்தியிருக்கான்.

கண்ணைத் தொடைக்காதீங்கம்மா, கையுறையோட முகத்தைத் தொடக்கூடாது. அந்தப் பையனுக்காக அழ வேணாம். பைக்கெல்லாம் ஓட்டினதில்ல அது, டிராக்டர்தான். இப்ப எழுபத்தோரு வயசு. அறுபதுல அறுத்துக் குடுத்தது, இன்னும் பனிக்காலம் வந்தா தையல் போட்ட இடம் இழுக்கும். இதோ, இடது பக்கம்.

எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. பொம்பள கிட்னின்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும் அவனுக்கு, அதுவும் அக்காவோடது. சின்ன வயசுலயே அப்படித்தான், என் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு கடையில வாங்கினேம்பான்.

டாக்டர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன், குடுங்கன்னு. அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க, தொங்குதில்ல பை, அதுதான். காலையிலேர்ந்து ஏறிக்கிட்டிருக்கு.

ம், கதவைத் திறந்துட்டா யோலாண்டா. போங்க. அடுத்த வருஷம் மெழுகுவத்தி ஏத்தினா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, நானே வந்து ஊதிட்டுப் போறேன்.